தரவுக்கேற்ற விளக்கப்படம்: சங்க இலக்கிய எண்ணிக்கை ஆய்வுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

திணை, அடியளவு, சொல், புலவர், பதிப்பு முதலியவற்றை எண்ணித் தொகுத்து விளக்கப்படங்களாக வழங்கும் போக்கு தமிழாய்வில் வளர்ந்துவருகிறது. எவ்வகைத் தரவுக்கு எவ்வகைப் படம் பொருந்தும் என்பது ஆய்வு நெறியின் ஒரு கூறாகும். பொருந்தாத படம் தரவில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடிப்பாகக் காட்டிவிடும். தரவில் உள்ளதை மறைத்தும் விடும். எட்டுத்தொகை, பத்துப்பாட்டு, திருக்குறள் ஆகியவற்றின் நூலமைப்பு எண்ணிக்கைகளையும் உ.வே. சாமிநாதையரின் பதிப்பாண்டுகளையும் சான்றாகக் கொண்டு, படவகைத் தேர்வுக்குரிய நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: விளக்கப்படம், தரவு, திணை, அடியளவு, விழுக்காடு, பரவல், தொகுப்பு நெறி.

முன்னுரை

எண்ணித் தொகுத்தல் தமிழ் மரபுக்குப் புதியதன்று. நூற்பெயர்களே எண்ணிக்கையைத் தாங்கி நிற்கின்றன. புறநானூறு, அகநானூறு, ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பத்துப்பாட்டு என்பன அவ்வாறு அமைந்தவை. அடியளவை அடிப்படையாகக் கொண்டு அகப்பாடல்களைப் பகுத்த தொகுப்பாளரும் எண்ணிக்கையையே கருவியாகக் கொண்டனர். கணினிவழித் தரவகங்கள் பெருகிய இன்றைய சூழலில் இவ்வகை எண்ணிக்கை மிக எளிதாகிவிட்டது. எண்ணியவற்றைப் படமாக்குதல் அதனினும் எளிது. விரிதாள் மென்பொருளில் எண்களைத் தெரிவுசெய்து ஒரு பொத்தானை அழுத்தினால் வட்டமோ பட்டையோ கோடோ உடனே தோன்றும்.

இவ்வெளிமையே சிக்கலுக்கும் இடமளிக்கிறது. மென்பொருள் எண்களை மட்டுமே அறியும். அவ்வெண்கள் திணையின் எண்ணிக்கையா, பதிப்பாண்டா, அடியளவா என்பதை அது அறியாது. பாலைத் திணையையும் முல்லைத் திணையையும் ஒரு கோட்டால் இணைக்கச் சொன்னால் அது இணைத்துவிடும். அக்கோட்டுக்குப் பொருள் உண்டா என்று கேட்க வேண்டியவர் ஆய்வாளரே. படிப்போர் கட்டுரையின் உரைப்பகுதியைவிடப் படத்தை முதலில் பார்த்து, அதையே நெடிது நினைவில் வைத்திருப்பர். ஆதலின் படத்தால் விளையும் பிழை உரையால் விளையும் பிழையைவிட எளிதில் பரவும். படத்தின் வகையைத் தெரிவதும் ஒரு வாதத்தை முன்வைப்பதே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. தரவின் இயல்பும் ஆய்வு வினாவும்

படவகையைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று தரவின் இயல்பு. மற்றொன்று ஆய்வு எழுப்பும் வினா.

உளவியலறிஞர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946இல் அளவைகளை நான்காகப் பகுத்தார். பெயரளவை, வரிசையளவை, இடைவெளியளவை, விகிதவளவை என அவற்றைத் தமிழில் குறிக்கலாம். திணை, துறை, கூற்று, புலவர் பெயர் ஆகியன பெயரளவைக்கு உரியன. அவற்றுள் ஒன்று மற்றொன்றைவிட மிகுந்தது அல்லது குறைந்தது எனல் இயலாது. கள ஆய்வு வினாநிரலில் வரும் ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரையிலான விடைகள் வரிசையளவைக்கு உரியன. இவற்றில் வரிசை உண்டு. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள தொலைவு சமம் என்பதற்கு உறுதி இல்லை. ஆண்டுகள் இடைவெளியளவைக்கு உரியன. 1887க்கும் 1894க்கும் இடையே ஏழாண்டு என்பது பொருளுடையது. ஓராண்டு மற்றோராண்டைப் போல் இரு மடங்கு என்பது பொருளற்றது. அடியளவும் சொல்லெண்ணிக்கையும் விகிதவளவைக்கு உரியன. 12 அடிப் பாடல் 6 அடிப் பாடலைப் போல் இரு மடங்கு நீளமுடையது என உறுதியாகக் கூறலாம்.

வினாக்களையும் வகைப்படுத்தலாம். எது பெரிது என்பது ஒப்பீட்டு வினா. முழுமையில் எத்துணைப் பங்கு என்பது பகுதி குறித்த வினா. மதிப்புகள் எங்குக் குவிந்துள்ளன, எங்குச் சிதறியுள்ளன என்பது பரவல் குறித்த வினா. எவ்வாறு மாறியது என்பது காலம் குறித்த வினா. ஒன்று கூடும்போது மற்றொன்று என்னாகிறது என்பது தொடர்பு குறித்த வினா. எங்கே என்பது இடம் குறித்த வினா. ஒரே தரவு வெவ்வேறு வினாக்களுக்கு வெவ்வேறு படங்களை வேண்டும்.

இவ்வுண்மை விளக்கப்படத்தின் தொடக்க வரலாற்றிலேயே புலனாகிறது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் பிளேஃபேர் 1786இல் வெளியிட்ட வணிக, அரசியல் படத்தொகுதியில் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிகளை ஆண்டுதோறும் தொடரும் கோடுகளால் காட்டினார். ஸ்காட்லாந்துக்கு அத்தகைய ஆண்டுத் தொடர் தரவு அவருக்குக் கிடைக்கவில்லை. ஓராண்டுக்குரிய தரவே இருந்தது. ஆகவே நாடுவாரியாகப் பட்டைகளை வரைந்தார். காலத் தொடர் இல்லாத இடத்தில் கோட்டை வரையாமல் வேறு வடிவம் தேடியதன் விளைவே அந்நூலில் இடம்பெற்ற பட்டைப்படம். 1801இல் வெளிவந்த மற்றொரு நூலில் முழுமையையும் பகுதிகளையும் காட்ட அவரே வட்டப்படத்தையும் பயன்படுத்தினார்.

2. கண்ணின் அளவிடும் திறன்

எல்லா வடிவங்களையும் மனிதக் கண் ஒரே நுட்பத்துடன் அளப்பதில்லை. வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதனைவழி நிறுவியது. பொதுவான ஓர் அளவுகோலின்மேல் அமைந்த இடத்தைக் கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது. அடுத்த நிலையில் நிற்பது ஒன்றோடொன்று நேர்ப்படாத அளவுகோல்களின்மேல் அமைந்த இடம். நீளம், கோணம் ஆகியன அதற்கடுத்தும், பரப்பு, கன அளவு ஆகியன அதற்குக் கீழும், நிறச்செறிவு இறுதியிலும் வருகின்றன.

பட்டைப்படத்தில் எல்லாப் பட்டைகளும் ஒரே அடிக்கோட்டிலிருந்து எழுவதால் அவற்றின் முனைகளைப் பொது அளவுகோலில் ஒப்பிட முடிகிறது. வட்டப்படத்தில் கோணத்தையும் பரப்பையும் கொண்டே மதிப்பிட வேண்டும். முப்பரிமாணப் படத்திலோ சாய்வுக் கோணம் முன்னிருப்பதைப் பெரிதாகவும் பின்னிருப்பதைச் சிறிதாகவும் காட்டுகிறது. தரவில் மூன்றாம் பரிமாணம் ஏதுமில்லாதபோது படத்தில் மட்டும் அது இடம்பெறுவதற்கு நியாயம் இல்லை.

3. பட்டையும் வட்டமும்: பத்துப்பாட்டின் அடியளவு

பத்துப்பாட்டின் மொத்த அடிகள் 3552. மதுரைக்காஞ்சி 782, மலைபடுகடாம் 583, பெரும்பாணாற்றுப்படை 500, திருமுருகாற்றுப்படை 317, பட்டினப்பாலை 301, சிறுபாணாற்றுப்படை 269, குறிஞ்சிப்பாட்டு 261, பொருநராற்றுப்படை 248, நெடுநல்வாடை 188, முல்லைப்பாட்டு 103 என அவை அமைகின்றன.

இவற்றை வட்டப்படமாக வரைந்தால் பத்துக் கூறுகள் உண்டாகும். சிறுபாணாற்றுப்படைக்குரிய கோணம் ஏறத்தாழ 27.3 பாகை, குறிஞ்சிப்பாட்டுக்குரியது 26.5 பாகை. ஒரு பாகைக்கும் குறைவான இவ்வேறுபாட்டைக் கண்ணால் உணர இயலாது. எனவே ஒவ்வொரு கூற்றின்மீதும் எண்ணை எழுத வேண்டியிருக்கும். எண்ணைப் படித்தே அறிய வேண்டுமாயின் படம் அங்கே செய்த பணி யாதும் இல்லை.

இதே தரவைக் கிடைமட்டப் பட்டைகளாகவும் இறங்குவரிசையிலும் அமைத்தால் மூன்று பாட்டுகள் தனித்து நீண்டிருப்பதும், 248 முதல் 317 வரையில் ஐந்து பாட்டுகள் நெருங்கி நிற்பதும், இரண்டு மட்டும் குறுகியிருப்பதும் ஒரு பார்வையிலேயே தெரியும். கிடைமட்ட அமைப்பு தமிழ்ப் பெயர்களுக்கு மிகவும் ஏற்றது. ‘பெரும்பாணாற்றுப்படை’, ‘திருமுருகாற்றுப்படை’ போன்ற நீண்ட பெயர்களைச் செங்குத்துப் பட்டைகளின் அடியில் எழுதினால் சாய்த்தோ சுருக்கியோ எழுத நேரிடும். கிடைமட்டப் பட்டையில் அவை இயல்பாக இடப்பக்கம் அமையும்.

பட்டைப்படத்தின் அச்சு சுழியத்தில் தொடங்குதல் இன்றியமையாதது. இடத்தை மிச்சப்படுத்த அச்சை 100இல் தொடங்கினால் முல்லைப்பாட்டின் பட்டை 3 அலகும் நெடுநல்வாடையின் பட்டை 88 அலகும் நீளும். உண்மையில் நெடுநல்வாடை முல்லைப்பாட்டைப் போல் 1.8 மடங்கு நீளமே உடையது. படமோ 29 மடங்கு எனக் காட்டும். ஏட்டுச்சுவடி போன்ற உருவங்களை அளவுக்கேற்பப் பெரிதாக்கி வரைவதிலும் இத்தகைய பிழை நேரும். மதுரைக்காஞ்சி முல்லைப்பாட்டைப் போல் ஏறத்தாழ 7.6 மடங்கு. சுவடியின் உயரத்தையும் அகலத்தையும் ஒருங்கே 7.6 மடங்காக்கினால் பரப்பு ஏறத்தாழ 58 மடங்காகிவிடும். எட்வர்டு டஃப்டி 1983இல் வெளியிட்ட நூலில், படம் காட்டும் மாற்றத்திற்கும் தரவிலுள்ள மாற்றத்திற்கும் இடையேயான விகிதத்தைக் கணித்து இத்தகைய திரிபை அளக்கலாம் எனக் காட்டியுள்ளார்.

இவற்றால் வட்டப்படம் முற்றிலும் விலக்கத்தக்கது என்று கொள்ள வேண்டியதில்லை. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25. விழுக்காட்டில் இவை முறையே 28.6, 52.6, 18.8 ஆகும். பொருட்பால் ஒன்றே பாதிக்கு மேற்பட்டது என்னும் செய்தியை வட்டப்படம் தெளிவாக உணர்த்தும். கூறுகள் இரண்டு அல்லது மூன்றாக இருத்தல், அவை ஒன்றோடொன்று கலவாதிருத்தல், கூட்டினால் முழுமையாதல் என்னும் மூன்றும் அங்கே நிறைவேறுகின்றன. ஒரு பாடலை இரு திணைகளுக்கும் உரியதாக எண்ணும் ஆய்வில் மூன்றாம் நிபந்தனை நிறைவேறாது. திணை மயக்கத்தை ஏற்று எண்ணப்பட்ட தரவின் கூட்டுத்தொகை பாடல்களின் எண்ணிக்கையை விஞ்சிவிடும். அதற்கு வட்டப்படம் பொருந்தாது.

4. எண்ணிக்கையும் விழுக்காடும்: பாலைத் திணை

அளவில் வேறுபட்ட நூல்களை ஒப்பிடும்போது எண்ணிக்கையைப் படமாக்குவதா, விழுக்காட்டைப் படமாக்குவதா என்பது முடிவையே மாற்றவல்லது. மூன்று அகத்தொகைகளின் திணை எண்ணிக்கைகள் வருமாறு.

அட்டவணை 1: திணைவாரியாகப் பாடல்கள் (கடவுள் வாழ்த்து நீங்கலாக)

| திணை | அகநானூறு | ஐங்குறுநூறு | கலித்தொகை |
|---|---|---|---|
| குறிஞ்சி | 80 | 100 | 29 |
| முல்லை | 40 | 100 | 17 |
| மருதம் | 40 | 100 | 35 |
| நெய்தல் | 40 | 100 | 33 |
| பாலை | 200 | 100 | 35 |
| மொத்தம் | 400 | 500 | 149 |

பாலைப் பாடல்களின் எண்ணிக்கையை மட்டும் பட்டைகளாக வரைந்தால் ஐங்குறுநூற்றுப் பட்டை கலித்தொகைப் பட்டையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். ஐங்குறுநூறு பாலைக்குக் கலித்தொகையைவிட மிகுந்த இடமளித்தது என்றே படிப்போர் முடிவு செய்வர். விழுக்காட்டில் நோக்கினால் ஐங்குறுநூற்றில் பாலை 20, கலித்தொகையில் 23.5. முடிவு தலைகீழாகிறது. இரு படங்களும் கணக்கில் பிழையற்றவை. எத்துணைப் பாடல்கள் என்னும் வினாவுக்கு முதற்படமும், நூலில் எத்துணைப் பங்கு என்னும் வினாவுக்கு இரண்டாம் படமும் விடையாகும். வினா பங்கைப் பற்றியதாக இருக்கும்போது எண்ணிக்கைப் படத்தைத் தருவதே பிழை.

பங்குகளை ஒப்பிட ஒவ்வொரு நூலுக்கும் நூறு விழுக்காடு நீளமுள்ள அடுக்குப் பட்டையை வரைவது வழக்கம். இதில் அடியில் அமையும் கூறு மட்டுமே பொது அடிக்கோட்டைப் பெறும். இடையிலுள்ள கூறுகளை ஒப்பிடுதல் கடினம். பாலையைப் பற்றிய கட்டுரையாயின் பாலையை அடியில் வைத்தல் வேண்டும். ஐந்து திணைகளும் சம அளவில் முக்கியமாயின், நூலுக்கு ஒன்றாக மூன்று சிறு பட்டைப்படங்களை ஒரே அளவுகோலுடனும் ஒரே திணை வரிசையுடனும் அருகருகே வைப்பது நன்று.

திணைகளுக்கு இயல்பான எண் வரிசை இல்லாமையால் வரிசையை ஆய்வாளரே தேர்ந்து கூற வேண்டும். தொல்காப்பியம் நிலங்களை முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என அடுக்குகிறது. ஐங்குறுநூறு மருதத்தில் தொடங்கி முல்லையில் முடிகிறது. கலித்தொகை பாலையில் தொடங்குகிறது. எவ்வரிசையைக் கொண்டாலும் திணைகளைக் கோட்டால் இணைத்தல் ஆகாது. வரிசையை மாற்றினால் கோட்டின் ஏற்ற இறக்கமும் மாறிவிடும். வரிசைக்கேற்ப மாறுவது போக்கு ஆகாது.

5. படம் காட்டுவது யாருடைய தெரிவு?

பொருத்தமான படமும் தவறான முடிவுக்கு வழிவகுக்கக்கூடும். அகநானூறு களிற்றியானைநிரை (1–120), மணிமிடைபவளம் (121–300), நித்திலக்கோவை (301–400) என மூன்று பகுதிகளை உடையது. இம்மூன்றுக்கும் நூறு விழுக்காட்டு அடுக்குப் பட்டைகளை வரைந்தால் மூன்றும் சற்றும் வேறுபாடின்றி ஒத்திருக்கும். ஒவ்வொன்றிலும் பாலை 50, குறிஞ்சி 20, ஏனைய மூன்றும் பத்துப் பத்து விழுக்காடு. மூன்று பகுதிகளிலும் புலவர்களின் திணை நாட்டம் வியக்கத்தக்க வகையில் ஒத்துள்ளது என இதனைக் கண்டுபிடிப்பாக எழுதிவிட இடமுண்டு.

உண்மையில் இவ்வொப்புமை தொகுப்பு நெறியின் விளைவு. ஒற்றைப்படை எண்கள் பாலை; 2, 8 என முடிவன குறிஞ்சி; 4 என முடிவன முல்லை; 6 என முடிவன மருதம்; பத்து, இருபது என வருவன நெய்தல். ஒவ்வொரு பத்திலும் ஐந்து, இரண்டு, ஒன்று, ஒன்று, ஒன்று என்னும் பகுப்பு அமைந்துவிடுவதால், பத்தின் மடங்காக எங்கே வெட்டினாலும் விகிதம் மாறாது. ஐங்குறுநூற்றிலும் ஐம்புலவர் தலைக்கு நூறு பாடினர் என்பதால் அதன் சமநிலையும் திட்டமிட்டதே. கலித்தொகையின் 29, 17, 35, 33, 35 என்னும் எண்கள் இவ்வாறு ஒழுங்குபட்டவையாக இல்லை. ஆகவே மூன்று நூல்களையும் ஒரே படத்தில் வைக்கும்போது, முதலிரண்டும் காட்டுவது தொகுப்பின் அல்லது பாடுதலின் திட்டம் என்பதைப் படத்தலைப்பிலேயே குறித்தல் கடமையாகும்.

கிடைக்காத பாடல்களும் இவ்வாறே கருதத்தக்கவை. ஐங்குறுநூற்றில் 129, 130ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. எனவே அட்டவணையிலுள்ள நெய்தல் 100 என்பது நூலமைப்பின் எண்; கிடைத்த பாடல்கள் 98. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. பரிபாடலில் எழுபது பாடல்களுள் முழுமையாகக் கிடைத்தவை 22. பரிபாடலுக்கு 22 என ஒரு பட்டை வரைந்து நிறுத்தினால் அது சிறுநூல் என்னும் எண்ணமே எழும். கிடைத்த பகுதியை நிறைத்தும் கிடைக்காத பகுதியை வெற்றுக் கோட்டுருவாகவும் வரைந்தால் இழப்பின் அளவும் புலப்படும்.

6. பரவல்: சராசரி மறைப்பவை

குறுந்தொகை 4 முதல் 8 அடி, நற்றிணை 9 முதல் 12 அடி, அகநானூறு 13 முதல் 31 அடி என்பது தொகைகளின் பொதுவரையறை. நூல்தோறும் சராசரி அடியளவைக் கண்டு மூன்று பட்டைகளாக வரைவதால், மூன்றும் நீளத்தில் வேறுபட்டவை என்னும் அறிந்த செய்தி மட்டுமே கிடைக்கும். ஒவ்வோர் அடியளவிலும் எத்தனை பாடல்கள் என்பதைக் காட்டும் பரவல் படமே புதிய வினாக்களை எழுப்பும். அகநானூற்றில் பாடல்கள் கீழெல்லையை ஒட்டிக் குவிந்துள்ளனவா, பரந்துள்ளனவா? பாலைப் பாடல்களின் பரவலும் குறிஞ்சிப் பாடல்களின் பரவலும் ஒத்துள்ளனவா? இவற்றுக்குச் சராசரி விடை தராது.

பரவலைக் காட்டப் பல வடிவங்கள் உள்ளன. குறுந்தொகையில் அடியளவு மதிப்புகள் மிகச் சிலவே ஆதலின் அடிக்கு ஒன்றாகப் பட்டை அமைத்தால் போதும். அகநானூற்றில் 19 மதிப்புகள் வரக்கூடும் ஆதலின் அவற்றைப் பிரிவுகளாக்கி நிகழ்வுச் செவ்வகப்படம் வரையலாம். பிரிவின் அகலம் மாறினால் படத்தின் வடிவும் மாறும். ஆகையால் ஒன்றுக்கு மேற்பட்ட அகலங்களில் வரைந்து பார்த்து, முடிவு நிலைக்கிறதா எனச் சோதித்தல் வேண்டும். பல நூல்களையோ பல புலவர்களையோ ஒருங்கே ஒப்பிடுவதற்கு ஜான் டூக்கி 1977ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்த பெட்டிப்படம் ஏற்றது. இடைநிலை அளவு, இரு கால்மானங்கள், இரு முனைகள் ஆகியவற்றை அது சுருங்கக் காட்டும். சில பாடல்களே பாடிய புலவருக்குப் பெட்டிப்படம் வரைவதைவிடப் பாடலுக்கு ஒரு புள்ளியாக வைப்பது நேர்மையானது.

புள்ளிகளால் மற்றொரு பயனும் உண்டு. குறுந்தொகையில் 307, 391ஆம் பாடல்கள் ஒன்பது அடி உடையன. 401 பாடல்களின் சராசரியில் இவ்விரண்டும் கரைந்துபோகும். புள்ளிப்படத்திலோ எல்லைக்கு வெளியே தனித்து நிற்கும். அவை தொகுப்பாளர் ஏற்ற விலக்கா, பாடத்தில் நேர்ந்த மாற்றமா என்னும் மூலபாட ஆய்வு அங்கிருந்தே தொடங்கும். தமிழாய்வாளருக்கு விதியைக் காட்டும் படத்தினும் விலக்கைக் காட்டும் படம் பலவேளைகளில் பெரிதும் பயன்படும்.

7. காலம்: இடைவெளியைக் காட்டுதல்

உ.வே. சாமிநாதையரின் பதிப்புகளுள் சீவகசிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918), குறுந்தொகை (1937) ஆகிய ஒன்பதைக் காலவரிசைப் படமாக்குவதாகக் கொள்வோம். மென்பொருள் ஆண்டுகளை வெறும் பெயர்களாகக் கொண்டால் ஒன்பதையும் சம இடைவெளியில் வைத்துவிடும். 1903க்கும் 1904க்கும் உள்ள ஓராண்டும், 1918க்கும் 1937க்கும் உள்ள 19 ஆண்டுகளும் ஒரே நீளமாகத் தோன்றும். கால அச்சை உண்மை அளவில் வரைந்தால் 1887 முதல் 1904 வரை ஏழு பதிப்புகள் நெருங்கி நிற்பதும் பின்னர் இடைவெளி விரிவதும் தெளிவாகும்.

அவ்விடைவெளிக்குப் பொருள் கூறுவதில் கவனம் தேவை. பதிப்புப் பணி தளர்ந்தது என்று முடிவு செய்தல் பொருந்தாது. பெருங்கதை 1924இல் வெளிவந்தது. அது மேற்கண்ட ஒன்பதில் சேர்க்கப்படவில்லை, அவ்வளவே. படத்தில் தோன்றும் வெற்றிடம் சில நேரங்களில் வரலாற்றின் வெற்றிடம். சில நேரங்களில் தெரிவின் வெற்றிடம். எந்நூல்கள் எவ்வடிப்படையில் சேர்க்கப்பட்டன என்னும் குறிப்பு இதனாலேயே வேண்டப்படுகிறது.

கோட்டு வரைபடம் தொடர்ச்சியான அளவீட்டுக்கு உரியது. ஒரு பொருள் குறித்து ஆண்டுதோறும் வெளிவந்த நூல்களின் தொகை போன்றவற்றுக்கு அது பொருந்தும். பத்தாண்டுகளாகத் தொகுக்கும்போது நிறைவுறாத இறுதிப் பத்தாண்டை மற்றவற்றோடு சேர்த்து இணைத்தால் பொய்யான வீழ்ச்சி தோன்றும். சங்கப் பாடல்களுக்கு நூற்றாண்டு குறித்து வரைதல் இன்னும் இடர்ப்பாடானது. அறிஞரிடையே கருத்து வேறுபாடுள்ள ஒரு காலத்தை ஒற்றைப் புள்ளியாக வைத்தால் கருதுகோள் தரவாகிவிடும். முன்னெல்லை, பின்னெல்லை இரண்டையும் காட்டும் கிடைப்பட்டைகளே அங்கு உரியவை.

8. தொடர்பும் இடமும்

இரண்டு அளவுகளுக்கிடையேயான தொடர்பைக் காட்டச் சிதறல் விளக்கப்படம் உதவும். சொல்வள ஆய்வு இதற்கு நல்ல களம். ஒரு நூலின் வேறுபட்ட சொற்களை மொத்தச் சொற்களால் வகுத்து வரும் விகிதத்தைக் கொண்டு சொல்வளத்தை அளக்கும் முறை உண்டு. நூல் நீள நீள முன்வந்த சொற்களே மீண்டும் வருவதால் இவ்விகிதம் இயல்பாகவே குறையும். ஆகவே 103 அடிகளையுடைய முல்லைப்பாட்டையும் 782 அடிகளையுடைய மதுரைக்காஞ்சியையும் இவ்விகிதத்தின் பட்டைகளால் ஒப்பிட்டால் அளவு வேறுபாடு சொல்வள வேறுபாடாகத் தோற்றமளிக்கும். மொத்தச் சொற்களைக் கிடையச்சிலும் வேறுபட்ட சொற்களைக் குத்தச்சிலும் கொண்டு நூல்களைப் புள்ளிகளாக இட்டால், நீளத்தை நோக்க எந்நூல் விலகி நிற்கிறது என்பது தெரியும். சந்தி பிரித்தலுக்கும் தொகைச்சொற்களை எண்ணுதலுக்கும் கொண்ட நெறியையும் கூறுதல் வேண்டும். நெறி மாறினால் புள்ளிகளும் இடம் மாறும்.

தொடர்பை ஒட்டுறவுக் கெழு என்னும் ஒற்றை எண்ணால் கூறி அமைதல் போதாது. பிரான்சிஸ் அன்ஸ்கோம் 1973இல் நான்கு தரவுத் தொகுதிகளை அமைத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 இணைகள், நான்கிலும் சராசரிகளும் ஒட்டுறவுக் கெழுவும் (ஏறத்தாழ 0.82) ஒத்தவை. படமாக்கினால் ஒன்று நேர்கோட்டை ஒட்டிய சிதறல், மற்றொன்று வளைகோடு, ஏனைய இரண்டிலும் ஒற்றைப் புள்ளியே முடிவைத் திரிக்கிறது.

புலவர்க்கும் புரவலர்க்கும் உள்ள உறவு எண்ணளவு சார்ந்ததன்று. யார் யாரைப் பாடினார் என்பது இணைப்பு சார்ந்தது. கபிலர் பாரியையும் பாடினார். மலையமான் திருமுடிக்காரியையும் செல்வக்கடுங்கோ வாழியாதனையும் பாடினார். இத்தகைய உறவுகளுக்கு வலைப்படம் பொருந்தும். கணுக்கள் மிகுந்தால் அது சிக்கற்பட்டுப் படிக்கவியலாததாகும். அப்போது புலவரை நிரையிலும் புரவலரை நிரலிலும் வைத்த கட்ட அமைப்பே தெளிவு தரும்.

இடம் சார்ந்த தரவுக்கு நிலப்படம் இயல்பான தேர்வு. 1854இல் லண்டனில் வாந்திபேதி இறப்புகளை வீடுவாரியாகக் குறித்த ஜான் ஸ்நோவின் படம், இறப்புகள் ஒரு தண்ணீர்க் குழாயைச் சூழ்ந்து குவிந்திருந்ததைக் காட்டியது. கல்வெட்டுகள் கிடைத்த இடங்களையும் வட்டார வழக்குச் சொற்கள் பதிவான ஊர்களையும் இவ்வாறே புள்ளிகளாகக் குறிக்கலாம். மாவட்டங்களுக்கு நிறமூட்டும் முறையில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. பரப்பில் பெரிய மாவட்டம் தரவிலும் பெரிதாகத் தோன்றும். மாவட்ட எல்லைகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. பிரிவினைக்கு முந்திய கள ஆய்வையும் பிந்திய கள ஆய்வையும் மாவட்டவாரியாக ஒப்பிட்டால் நிர்வாக மாற்றம் மொழி மாற்றமாகக் காட்சியளிக்கும்.

9. படம் வேண்டாத இடங்களும் படத்தின் துணைகளும்

இரண்டு மூன்று எண்களுக்கு ஒரு தொடரே போதும். துல்லியமான எண்கள் பிற ஆய்வாளருக்குத் தேவைப்படுமாயின் அட்டவணையே உரியது. அட்டவணை 1 அத்தகையது. தகவலாளர் பத்துப் பேரிடம் கேட்டறிந்த செய்தியை எழுபது விழுக்காடு எனப் படமாக்குவதைவிட, பத்துப் பேருள் எழுவர் எனக் கூறுவது தரவின் அளவை மறைக்காது.

படம் தனித்துப் படிக்கப்பட்டாலும் பொருள் தருமாறு தலைப்பு, அச்சுப் பெயர், அலகு, மொத்த எண்ணிக்கை, பயன்படுத்திய பதிப்பு, வகைப்படுத்திய நெறி ஆகியன உடன் இடம்பெற வேண்டும். கறுப்பு வெள்ளையில் அச்சாகும் இதழ்களில் நிறத்தால் மட்டும் வேறுபடுத்திய கூறுகள் ஒன்றாகிவிடும். சிவப்பு, பச்சை ஆகியவற்றைப் பிரித்தறிய இயலாத வாசகரும் உள்ளனர். பட்டையின் அருகிலேயே பெயரை எழுதுதல், கோட்டு வடிவத்தை வேறுபடுத்துதல் முதலியன இதற்குத் தீர்வாகும்.

முடிவுரை

இக்கட்டுரையால் பெறப்படுவன வருமாறு:

1. படவகையைத் தீர்மானிப்பவை தரவின் அளவையும் ஆய்வு வினாவுமே. ஒப்பீட்டுக்குப் பட்டை, சில கூறுகளின் பங்குக்கு வட்டம் அல்லது அடுக்குப் பட்டை, பரவலுக்குச் செவ்வகம், பெட்டி அல்லது புள்ளி, தொடர்ச்சியான காலத்திற்குக் கோடு, தொடர்புக்குச் சிதறல், இடத்திற்கு நிலப்படம் என்பன பொதுவாகப் பொருந்துவன.

2. திணை போன்ற பெயரளவைத் தரவுகளைக் கோட்டால் இணைத்தல் பொருளற்றது. அவற்றை அடுக்கும் வரிசைக்குக் காரணம் கூறப்பட வேண்டும்.

3. அளவில் வேறுபட்ட நூல்களை ஒப்பிடும்போது எண்ணிக்கையும் விழுக்காடும் எதிர்மாறான முடிவுகளைத் தரக்கூடும் என்பதை ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகியவற்றின் பாலைப் பாடல்கள் காட்டுகின்றன.

4. தொகுப்பு நெறியால் அமைந்த எண்களைப் புலவரின் நாட்டமாகக் கொள்ளலாகாது. அகநானூற்றின் மூன்று பகுதிகளும் ஒத்திருத்தல் இதற்குத் தக்க சான்று.

5. கிடைக்காத பாடல்களும், விலகி நிற்கும் பாடல்களும், தெரிவால் விளைந்த வெற்றிடங்களும் படத்தில் மறையாமல் புலப்பட வேண்டும்.

எண்ணிக்கை ஆய்வு தமிழியலில் நிலைபெற வேண்டுமாயின் மூலபாடத்திற்குக் காட்டப்படும் கவனம் அதன் எண்ணுருவுக்கும் காட்டப்பட வேண்டும். பாடவேறுபாட்டைக் குறிக்காத பதிப்பை ஆய்வுலகம் ஏற்பதில்லை. எதை எண்ணியது, எதை விட்டது, எவ்வடிப்படையில் வகுத்தது என்று கூறாத விளக்கப்படத்தையும் அவ்வாறே வினவுதல் தகும்.